ஃபவுண்ட்ரியில் ஆட்டக்காரர்களையும் உலகம் கட்ட விடுவது எப்படி?

பகடை உருட்டி, ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசி ஆடும் ரோல்பிளேயிங் விளையாட்டை இப்போது நம்மில் பலர் ஆளுக்கொரு ஊரில் இருந்துகொண்டு கணினி வழியே ஆடுகிறோம். ஆட்டத்தை நடத்தும் கேம் மாஸ்டரே ஊர், ஆறு, சந்தை, கள்வர் கூட்டம், கோயில் கணக்கப்பிள்ளை வரை எல்லாவற்றையும் யோசித்து எழுதுவார். மற்றவர்கள் வந்து ஆடிவிட்டுப் போவார்கள். மூன்று மாதம் போனால் நடத்துபவர் களைத்துவிடுவார். ஆடுபவர்களுக்கு ஊர்ப்பெயர்கூட நினைவில் நிற்காது.

இதற்கு நான் கண்ட மருந்து, ஆட்டக்காரர்களையும் எழுத விடுவது. தான் பெயர் வைத்த ஊரை யாரும் மறப்பதில்லை. ஆனால் எழுத விடுகிறேன் என்று எல்லாவற்றையும் ஒரேயடியாகத் திறந்துவிட்டால், நீங்கள் ஒளித்து வைத்த ரகசியங்களும் சேர்ந்து வெளியே போய்விடும். எதை, எந்த வரிசையில், எவ்வளவு திறப்பது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நான் பயன்படுத்துவது ஃபவுண்ட்ரி விர்ச்சுவல் டேபிள்டாப், அதாவது ஆட்ட மேசையைத் திரைக்குக் கொண்டுவரும் மென்பொருள். 2020 மே மாதம் வெளிவந்தது. 50 டாலர் கொடுத்து ஒருமுறை வாங்கினால் போதும், மாதச் சந்தா இல்லை. நடத்துபவர் மட்டும் வாங்கினால் போதும். ஆடுபவர்கள் பிரவுசரில் முகவரியைத் திறந்து உள்ளே வந்துவிடுவார்கள். இதை நிறுவி, ஓர் உலகத்தை உருவாக்கி, நண்பர்களை உள்ளே வரவழைத்துவிட்டீர்கள் என்று வைத்துக்கொண்டு தொடங்குகிறேன். எடுத்துக்காட்டுகள் டி அண்ட் டி (டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்) விளையாட்டின் ஐந்தாம் பதிப்பு விதிமுறையிலிருந்து வரும். வேறு விதிமுறையில் ஆடினாலும் அடிப்படை ஒன்றுதான்.

முதலில் புரிந்துகொள்ள வேண்டியது

ஃபவுண்ட்ரியில் உரிமை இரண்டு விதம். புதிதாக நடத்துபவர்கள் குழம்புவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

ஒன்று பெர்மிஷன். ஜர்னல் (குறிப்பேடு), பாத்திரம், டோக்கன் (வரைபடத்தில் பாத்திரத்தைக் குறிக்கும் காய்), கோப்பு போன்ற ஒரு வகையைப் புதிதாக உருவாக்கலாமா கூடாதா என்பதை இது முடிவு செய்கிறது. இது ஆளைப் பார்த்து வருவதில்லை, அவருக்குக் கொடுத்திருக்கும் ரோலைப் பார்த்து வருவது. பிளேயர், ட்ரஸ்டட் பிளேயர், அசிஸ்டன்ட் கேம் மாஸ்டர், கேம் மாஸ்டர் என்று ரோல்கள் படிப்படியாக ஏறும்.

மற்றது ஓனர்ஷிப். ஏற்கெனவே இருக்கும் ஒரு ஜர்னலையோ பாத்திரத்தையோ யார் பார்க்கலாம், யார் திருத்தலாம் என்பது இதில் வரும். நன் (None) என்றால் கண்ணிலேயே படாது. லிமிடெட் என்றால் கொஞ்சம் தெரியும். அப்சர்வர் முழுதாகப் படிக்கலாம், திருத்த முடியாது. ஓனர் திருத்தலாம்.

இந்த இரண்டையும் ஒன்றென்று நினைப்பவர்கள் ஒரு தவறு செய்வார்கள். ஆட்டக்காரர் ஒருவர் "என்னால் ஜர்னல் எழுத முடியலையே" என்றதும், அவரை அசிஸ்டன்ட் கேம் மாஸ்டர் ஆக்கிவிடுவார்கள். ஜர்னல் எழுத முடியும், உண்மைதான். கூடவே உங்கள் வில்லன், பொறி, அடுத்த மாதக் கதை எல்லாம் அவர் திரையில் விரிந்து கிடக்கும். அசிஸ்டன்ட் என்பது உங்களோடு சேர்ந்து ஆட்டத்தை நடத்துபவருக்கான இடம். ஆடுபவருக்கு அதைக் கொடுக்காதீர்கள். அவருக்குத் தேவையான ஒன்றை மட்டும் திறங்கள்.

படி 1: திறப்பதற்கு முன் மூன்று வேலை

கேம் செட்டிங்ஸ் தாவலில் யூசர் மேனேஜ்மென்ட் என்று இருக்கும். அதில் ஒவ்வொருவருக்கும் தனிப் பெயரும் தனிக் கடவுச்சொல்லும் கொடுங்கள். உங்கள் கேம் மாஸ்டர் கணக்குக்கு முதலில் கொடுங்கள். கடவுச்சொல் இல்லாமல் விட்டால், முகவரி தெரிந்த யாரும் பட்டியலில் உங்கள் பெயரைத் தேர்ந்தெடுத்து உள்ளே வந்துவிடலாம்.

அங்கேயே "சோதனை" என்ற பெயரில் ஒரு பிளேயர் கணக்கையும் உருவாக்குங்கள். இந்தக் கட்டுரையில் வரும் ஒவ்வொரு மாற்றத்தையும் செய்த பிறகு, பிரவுசரின் தனிச் சாளரத்தில் அந்தக் கணக்கில் நுழைந்து பாருங்கள். உங்கள் திரையில் எப்போதும் எல்லாமே தெரியும் என்பதால், ஆட்டக்காரருக்கு என்ன தெரிகிறது என்பதை அங்கிருந்து ஊகிக்கவே முடியாது. நான் அதிகம் பயன்படுத்தும் கருவி இந்தக் கணக்குதான்.

மூன்றாவது, பேக்கப். ஆட்டத்திலிருந்து வெளியேறி செட்டப் திரைக்கு வந்தால், புதிய பதிப்புகளில் உலகத்தின் மீது வலது கிளிக் செய்து அங்கேயே பேக்கப் எடுக்கலாம். கோப்புறையை நேரடியாக நகலெடுப்பவராக இருந்தால், உலகம் ஓடிக்கொண்டிருக்கும்போது நகலெடுக்காதீர்கள். தரவுத்தளம் பாதி எழுதிய நிலையில் நகலாகிப் பயன்படாமல் போகலாம். பல கைகள் எழுதும் உலகத்தில் வாரம் ஒரு பேக்கப் கட்டாயம்.

படி 2: அவரவர் ஷீட்

பலருக்குத் தெரியாத ஒரு விஷயம்: ஆட்டக்காரர் தன் பாத்திரத்தின் ஷீட்டுக்குள் (அதன் விவரங்கள் இருக்கும் தாளுக்குள்) பொருள், மந்திரம், திறமை எதைச் சேர்க்கவும் எந்தப் பெர்மிஷனும் தேவையில்லை. அந்தப் பாத்திரத்துக்கு அவர் ஓனராக இருந்தால் போதும். ஐட்டம் உருவாக்கும் பெர்மிஷன் என்று ஒன்று இருப்பது, பக்கப்பட்டியலில் எல்லோருக்கும் பொதுவாகப் புதிய ஐட்டம் உருவாக்குவதற்கு. அதைத் திறக்காமலே அவர் தன் மூட்டையை நிரப்பிக்கொள்ளலாம்.

செய்முறை இது. ஆக்டர்ஸ் தாவலில் நீங்களே ஒரு வெற்றுப் பாத்திரத்தை உருவாக்குங்கள். அதன் மீது வலது கிளிக் செய்து, கான்ஃபிகர் ஓனர்ஷிப் என்பதில் உரிய ஆட்டக்காரரின் பெயருக்கு நேரே ஓனர் என்று வையுங்கள். மற்றவர்களை அப்படியே விடுங்கள். ஆட்டக்காரர் உள்ளே வந்து, திரையின் ஓரத்தில் இருக்கும் பிளேயர் பட்டியலில் தன் பெயரை வலது கிளிக் செய்து, இதுதான் என் பாத்திரம் என்று தேர்ந்தெடுத்துக்கொள்வார்.

இனி பொருள். எங்கள் குழுவில் ஒருவர், தன் பாத்திரத்துக்குப் பாட்டி விட்டுப்போன வாள் வேண்டும் என்றார். காம்பெண்டியத்தில் (ஆயத்தப் பொருள்களின் தொகுப்பில்) இருக்கும் லாங்ஸ்வோர்டை இழுத்துத் தன் ஷீட்டில் போடச் சொன்னேன். அப்படி இழுத்தால் அசல் அங்கேயே இருக்கும், நகல்தான் ஷீட்டுக்கு வரும். பிறகு அந்த நகலைத் திறந்து பெயரை "ஊமைச்சி" என்று மாற்றினார். "உறையிலிருந்து உருவும்போது சத்தம் வராது. பாட்டி ஏன் அப்படிச் செய்யச் சொன்னாள் என்று வீட்டில் யாருக்கும் தெரியாது" என்று விவரத்தில் எழுதினார். 1டி8 (எட்டு முகப் பகடை ஒன்று) என்ற சேத எண்ணைத் தொடவில்லை.

எங்கள் மேசையில் அதுதான் விதி. பெயரும் கதையும் ஆட்டக்காரருடையது, எண்ணை மாற்றுவதென்றால் என்னிடம் கேட்க வேண்டும். ஷீட்டின் ஓனர் எதை வேண்டுமானாலும் திருத்த முடியும் என்பதால் இது மென்பொருள் போடும் பூட்டு இல்லை, வாய்ப்பேச்சில் வைத்துக்கொள்ளும் ஒப்பந்தம். முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

அந்தச் சத்தமில்லாத வாளை வைத்தே எனக்கு ஐந்து வார ஆட்டத்துக்குக் கதை கிடைத்தது.

படி 3: ஜர்னல்

எனக்கு மிகப் பிடித்த பகுதி இதுதான், அதிகப் பலன் கிடைப்பதும் இதில்தான். ஒரே ஒன்றைத்தான் திறக்க முடியும் என்றால் ஜர்னலைத் திறங்கள்.

கான்ஃபிகர் செட்டிங்ஸ் உள்ளே, பெர்மிஷன் கான்ஃபிகரேஷன் என்ற அட்டவணையைத் திறங்கள். பக்கவாட்டில் ரோல்கள், மேலிருந்து கீழாக உரிமைகள். கிரியேட் ஜர்னல் என்ட்ரீஸ் என்ற வரிசையில் பிளேயர் கட்டத்தில் டிக் போட்டுச் சேமியுங்கள். ஆட்டக்காரர்களைப் பக்கத்தை ஒருமுறை ரீலோட் செய்யச் சொல்லுங்கள். எங்கேயாவது தவறிவிட்டால் பயம் வேண்டாம். இயல்பு நிலைக்குத் திரும்பும் பொத்தான் அதே அட்டவணையில் இருக்கிறது.

இப்போது ஆட்டக்காரர் ஒரு ஜர்னலை உருவாக்கினால் அவரே அதற்கு ஓனர். அவரும் நீங்களும் தவிர வேறு யாருக்கும் அது தெரியாது. "எழுதிட்டேன், யாருக்கும் தெரியலையாமே" என்ற கேள்வி முதல் வாரமே வரும். அந்த ஜர்னலின் ஓனர்ஷிப்பைத் திறந்து, எல்லோருக்கும் என்ற வரியில் அப்சர்வர் என்று நீங்கள்தான் மாற்ற வேண்டும். ஒவ்வொரு ஆட்டமும் முடிந்த பிறகு ஐந்து நிமிடம் ஒதுக்கி, புதிதாக வந்தவற்றைப் படித்து இதைச் செய்துவிடுங்கள். படிக்கும்போது அடுத்த வாரத்துக்கான சரக்கும் கிடைக்கும். இன்னொன்றையும் அவர்களிடம் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும்: அவர்கள் தனியாக எழுதும் நாட்குறிப்பும் கேம் மாஸ்டர் கண்ணுக்குத் தெரியும்.

வெற்றுப் பக்கத்தைத் திறந்து வைத்து "எழுதுங்கள்" என்றால் யாரும் எழுத மாட்டார்கள். நான் மூன்று கேள்வி கொடுப்பேன். இந்த இடத்தில் முதலில் மூக்கில் ஏறும் வாசனை எது? இங்கே எல்லோரும் யாருக்குக் கடன்பட்டிருக்கிறார்கள்? இங்கே எதைப் பேசக் கூடாது? ஒரு பதில் ஒரு வரிக்கு மேல் வேண்டாம் என்பேன். வேலை முடிந்து வந்து களைப்பாக உட்காரும் ஆளுக்கு ஒரு பக்கக் கட்டுரை எழுதும் தெம்பு இருக்காது, மூன்று வரி எழுதிவிடுவார். உப்பளத்து ஊர் ஒன்றுக்கு எங்களில் ஒருவர் எழுதியது இப்படி:

"ஈரச் சாக்கு வாசனை. எல்லோரும் வண்டிக்காரக் கிழவிக்குக் கடன். மழையைப் பற்றிப் பேசினால் கடையை மூடிவிடுவார்கள்."

மூன்றே வரி. ஊர் கண்முன் நின்றுவிட்டது.

தமிழிலேயே எழுதலாம், ஃபவுண்ட்ரிக்கு அதில் சிக்கல் எதுவும் இல்லை. எங்கள் குழுவில் விதிமுறைச் சொற்கள் ஆங்கிலத்திலும் கதை முழுக்கத் தமிழிலும் ஓடுகிறது. எழுத்துரு அழகாக வேண்டும் என்றால் செட்டிங்ஸில் புதிய எழுத்துருவைச் சேர்க்கும் வசதி இருக்கிறது.

ஜர்னலில் கவனம் தேவைப்படும் இடம் ஒன்று உண்டு. 2022-இல் வந்த பத்தாம் பதிப்பு முதல் ஒரு ஜர்னலுக்குள் பல பக்கங்கள் வைக்கலாம், ஒவ்வொரு பக்கத்துக்கும் தனித்தனியாக ஓனர்ஷிப் கொடுக்கலாம். உரைக்கு நடுவே சீக்ரெட் என்ற கட்டம் போட்டு ஒரு பத்தியை மறைக்கவும் முடியும். ஆனால் அந்தக் கட்டம் ஓனருக்குத் தெரியும். ஆட்டக்காரர் எழுதிய உப்பளத்து ஊர் ஜர்னலில், கிழவி உண்மையில் யார் என்பதைச் சீக்ரெட் கட்டத்தில் எழுதி வைத்தால், அந்த ஜர்னலின் ஓனரான அவர் திறந்த உடனே படித்துவிடுவார். அவர்கள் எழுதியதன் மேல் நீங்கள் கட்டும் ரகசியத்தை உங்களுக்கென்று தனி ஜர்னலில் வையுங்கள். அதைத்தான் நான் செய்கிறேன்: ஆட்டக்காரர் பக்கம் ஒன்று, அதே தலைப்பில் என் பக்கம் ஒன்று.

படி 4: வரைபடத்தில் குறிப்பும் கோடும்

ஜர்னலை இழுத்து வரைபடத்தில் போட்டால் அந்த இடத்தில் ஒரு குறிப்பு ஊசி நிற்கும். ஆட்டக்காரர்களும் இதைச் செய்ய, மேப் நோட்ஸ் உருவாக்கும் வரிசையில் பிளேயருக்கு டிக் போடுங்கள். வரையும் கருவிக்கும் அப்படியே. ஊசி நட்டும் மற்றவர்களுக்குத் தெரியவில்லை என்றால், பின்னால் இருக்கும் ஜர்னலைப் பார்க்கும் உரிமை அவர்களுக்கு இல்லை என்று பொருள். வரைபடத்தில் கிறுக்கல் சேர்ந்துவிட்டால் நீங்கள் எல்லாவற்றையும் அழிக்கலாம்.

பெரிய பயண வரைபடம் ஒன்றைப் பாதி வெறுமையாகக் கொடுத்து, மீதியை அவர்களை நிரப்பச் சொல்லிப் பாருங்கள்.

படி 5: படங்கள்

இங்கே மெதுவாகப் போங்கள். தன் பாத்திரத்துக்குப் படம் வைக்க ஆட்டக்காரருக்கு இரண்டு உரிமை வேண்டும்: கோப்புகளைப் பார்ப்பது, கோப்பை ஏற்றுவது. முதலாவது இல்லாமல் இரண்டாவது பயன்படாது. முதலாவதில்தான் ஆபத்து இருக்கிறது.

கோப்புகளைப் பார்க்கும் உரிமையைக் கொடுத்த வாரமே எங்களுக்கு ஒன்று நடந்தது. ஒருவர் தன் முகப்படத்தைத் தேடி, கோப்புறை கோப்புறையாகத் திறந்துகொண்டு போயிருக்கிறார். வழியில் "துரோகி அமைச்சர்" என்று நான் பெயர் வைத்திருந்த படம் கண்ணில் பட்டுவிட்டது. அந்த அமைச்சரை அவர்கள் நம்பிக்கொண்டிருந்த நேரம். பார்த்தவர் நல்ல மனிதர், உடனே என்னிடம் சொல்லிவிட்டார். ஆனால் எட்டு வாரமாகக் கட்டிய திருப்பம் அவருக்கு இல்லாமல் போனதில் எனக்கு உண்மையாகவே வருத்தம்.

அதற்குப் பிறகு செய்த ஏற்பாட்டைச் சொல்கிறேன். என் வரைபடம், எதிரிகளின் படம் எல்லாம் ஒரே கோப்புறைக்குள் போயின. ஃபைல் பிரவுசரில் அந்தக் கோப்புறையைக் கேம் மாஸ்டர் மட்டும் பார்க்கும்படி பிரைவேட் ஆக்கினேன். "ஆட்டக்காரர் படங்கள்" என்று தனிக் கோப்புறை வைத்து, அதற்குள் ஆளுக்கொரு அறை. "துரோகி" போன்ற பெயரை எந்தக் கோப்புக்கும் இப்போது வைப்பதில்லை, எண் மட்டும்தான். பூட்டு இருந்தாலும் பெயரில் ரகசியம் இருக்கக் கூடாது. முடித்ததும் சோதனைக் கணக்கில் போய்ப் பாருங்கள். அங்கே எது தெரிகிறதோ அதுதான் உண்மை நிலவரம்.

இந்த இரண்டு உரிமையையும் எல்லா ஆட்டக்காரருக்கும் திறக்காமல், ட்ரஸ்டட் பிளேயர் ரோலுக்கு மட்டும் கொடுத்து, நாலைந்து வாரம் ஆடியவர்களை அந்த ரோலுக்கு ஏற்றுங்கள். ட்ரஸ்டட் பிளேயருக்கு ஜர்னல் எழுதுவது, வரைவது, கோப்பு பார்ப்பது ஆகியவை இயல்பாகவே திறந்திருக்கும். ஏற்றும் உரிமையை மட்டும் நீங்கள் சேர்க்க வேண்டும். யாருக்குமே கொடுக்கப் பிடிக்கவில்லையா? படத்தை வாட்ஸ்அப்பில் வாங்கி நீங்களே ஏற்றிவிடுங்கள். நான்கு பேர் குழுவுக்கு அது பெரிய வேலை இல்லை.

ஏற்றுபவர்களுக்குச் சொல்ல வேண்டியவை: செல்போனில் எடுத்த பெரிய படத்தை அப்படியே ஏற்றாமல், சுருக்கி வெப்பி (WebP) வடிவில் ஏற்றச் சொல்லுங்கள். படம் கனமாக இருந்தால் எல்லோருக்கும் திரை திறக்க நேரமாகும். கோப்புப் பெயரில் தங்கள் பெயரைச் சேர்க்கச் சொல்லுங்கள். இரண்டு பேர் ஒரே பெயரில் ஒரே இடத்தில் ஏற்றினால் முதலில் ஏற்றியது போய்விடும். ஃபவுண்ட்ரியின் ஃபைல் பிரவுசரில் கோப்பை அழிக்க வழி இல்லை. வேண்டாததை நீங்கள்தான் வட்டில் போய் நீக்க வேண்டும்.

படி 6: புதிய பாத்திரங்கள், வளர்ப்பு மிருகங்கள்

கிரியேட் ஆக்டர்ஸ் உரிமையை நான் ஆட்டக்காரர்களுக்குத் திறப்பதில்லை. திறந்தால், தன் நாய்க்குட்டி முதல் ஊர்த்தலைவர் வரை எல்லாவற்றுக்கும் ஷீட் உருவாகி, பட்டியல் அடையாளம் தெரியாமல் போய்விடுகிறது. படி 2-இல் சொன்னதுபோல வெற்று ஷீட்டை நீங்கள் உருவாக்கி ஓனர் உரிமை கொடுத்தால் அவருக்குக் கிடைப்பது அதேதான். தன் பாத்திரத்தின் தங்கை யார், குரு யார் என்பதை அவரே அதில் நிரப்பிவிடுவார்.

மிருகத்தை எதிரிகளுக்கான வகையில் உருவாக்கினால், புரோட்டோடைப் டோக்கனில் (அதன் டோக்கனுக்கான மாதிரி அமைப்பில்) லிங்க் ஆக்டர் டேட்டா என்பதை டிக் செய்ய மறக்காதீர்கள். அந்த இணைப்பு இல்லாவிட்டால் வரைபடத்தில் நிற்கும் ஓநாய் வேறு, ஷீட்டில் இருக்கும் ஓநாய் வேறு. சண்டையில் பட்ட அடி ஷீட்டில் ஏறாது, அடுத்த வாரம் ஓநாய் முழுப் பலத்தோடு வந்து நிற்கும்.

மந்திரத்தால் மிருகத்தை வரவழைக்கும் பாத்திரம் குழுவில் இருந்தால் மட்டும் டோக்கன் உருவாக்கும் உரிமையைத் திறங்கள். அப்போது அவர் ஓனராக இருக்கும் மிருகத்தைப் பட்டியலிலிருந்து தானே இழுத்து வரைபடத்தில் வைக்கலாம், ஒவ்வொரு முறையும் உங்களைக் கேட்டு ஆட்டத்தை நிறுத்த வேண்டியதில்லை. ஒரு பாத்திரத்துக்கு அப்சர்வர் உரிமை கொடுத்தாலே அதன் டோக்கன் கண்ணில் படுவதெல்லாம் அந்த ஆட்டக்காரர் திரையிலும் தெரியும். இருட்டுக்குள் தனித்தனியாகப் பிரிந்து போகும் ஆட்டத்தில் இதை யோசித்துக் கொடுங்கள்.

படி 7: மேக்ரோ

மேக்ரோ என்பது ஒரே கிளிக்கில் ஓடும் கட்டளை. சாட் மேக்ரோ வெறும் உரையும் பகடையும், தாராளமாக விடலாம். ஸ்கிரிப்ட் மேக்ரோ ஜாவாஸ்கிரிப்ட் நிரல். இணையத்தில் கண்டதை ஒட்டி ஓட்டும் பழக்கம் உள்ளவர் குழுவில் இருந்தால் பெர்மிஷன் அட்டவணையில் ஸ்கிரிப்ட் மேக்ரோ வரிசையில் பிளேயர் டிக்கை எடுத்துவிடுங்கள். நிரல் எழுதத் தெரிந்த நண்பர் இருந்தால் அவரோடு உட்கார்ந்து ஒன்றிரண்டு சேர்ந்து எழுதுங்கள்.

ரோல்20 பயன்படுத்துபவர்களுக்கு

ரோல்20 இதேபோன்ற இன்னொரு இணைய ஆட்ட மேசை. அங்கே ரோல் வாரியாக உரிமை கொடுக்கும் அட்டவணை கிடையாது. பாத்திரத்தையும் ஹேண்ட்அவுட்டையும் (அங்கே ஜர்னல் போன்ற குறிப்புப் பக்கம்) நடத்துபவரே உருவாக்கி, யார் பார்க்கலாம், யார் திருத்தலாம் என்ற இரண்டு கட்டங்களில் ஆட்டக்காரர் பெயரைச் சேர்க்க வேண்டும். ஆளுக்கொரு வெற்று ஹேண்ட்அவுட்டை முன்கூட்டியே உருவாக்கித் திருத்தும் உரிமையைக் கொடுத்துவிட்டால், மேலே சொன்ன மூன்று கேள்வி முறை அங்கேயும் அப்படியே நடக்கும்.

ஆட்டம் முடிந்த பிறகு

ஒரு நெடுங்கதை முடிந்ததும் உலகத்தை மூடுவதற்கு முன், அவரவர் பாத்திரத்தையும் ஜர்னலையும் அவரவரிடம் கொடுத்துவிடுங்கள். பட்டியலில் பெயரை வலது கிளிக் செய்து எக்ஸ்போர்ட் டேட்டா கொடுத்தால் ஒரு ஜேசன் கோப்பு இறங்கும். வேறு கேம் மாஸ்டரின் உலகத்தில், அதே விதிமுறையில், ஒரு வெற்றுப் பாத்திரத்தை உருவாக்கி இம்போர்ட் டேட்டா கொடுத்தால் அது அங்கே உயிர்பெறும். அந்தக் கோப்பில் படம் இருக்காது, படம் இருக்கும் இடத்தின் முகவரிதான் இருக்கும். அதனால் படத்தையும் தனியாக எடுத்துச் சேர்த்து அனுப்புங்கள். ஊமைச்சியை வைத்திருந்தவருக்கு நான் அனுப்பியது மூன்று கோப்புகள்: பாத்திரம், முகப்படம், அந்த உப்பளத்து ஊர்ப் பக்கம். ஊரை எழுதியது வேறொருவர். அவரிடம் கேட்டுவிட்டுத்தான் சேர்த்தேன்.